பேஸ்பாலில் இடக்கை ரிலீவரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது? ஒலிவர் பெரெஸின் 703 ஆட்டங்களை வைத்து ஒரு கேள்வி

ஏழாவது இன்னிங்ஸ் கேட்டது:

பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒலிவர் பெரெஸின் கணக்கை வரிசையாகப் படித்தால் இரண்டு பேரின் கணக்கை ஒரே தாளில் ஒட்டியது போல இருக்கிறது. மெக்சிகோவின் குலியாக்கானில் பிறந்தவர். 2002-ல் சான் டியேகோ பேட்ரெஸ் அணியில் தொடக்கப் பிட்சராக (ஆட்டத்தை முதல் பந்திலிருந்து வீசுபவர்) வந்தார். 2004-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு 196 இன்னிங்ஸ் (ஒன்றுக்கு மூன்று அவுட்), 239 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), 2.98 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் விட்ட சராசரி ரன்). பிறகு நியூயார்க் மெட்ஸ். 2009-ல் மூன்று ஆண்டுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தக் காலத்தில்தான் எல்லாம் சரிந்தது. 2010-ல் 46⅓ இன்னிங்ஸில் 42 வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து, அதாவது நான்கு பால், போட்டு பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது). 2011 மார்ச்சில் மெட்ஸ் விடுவித்தது. அந்த ஆண்டு மேஜர் லீகில் (வட அமெரிக்காவின் உச்ச லீக்) ஒரு பந்துகூட வீசவில்லை.

இத்தோடு முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் 2012 முதல் 2022 வரை மேலும் பதினோரு பருவம் வீசியிருக்கிறார். சியாட்டில், அரிசோனா, ஹியூஸ்டன், வாஷிங்டன், கிளீவ்லாந்து, கடைசியில் மறுபடி அரிசோனா. மொத்தம் 703 ஆட்டம். அதில் தொடங்கியது 195, அத்தனையும் 2010-க்குள். மீதி ஏறத்தாழ எல்லாமே புல்பென் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவை.

எனக்குத் தெரிய வேண்டியது இவை. ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போடவே முடியாமல் விடுவிக்கப்பட்டவர், வேலையை மாற்றியதும் எப்படி ஸ்ட்ரைக் போட்டார்? கையில், காலில் என்ன மாறுகிறது? 2018-ல் கிளீவ்லாந்தில் 51 ஆட்டத்துக்கு 32⅓ இன்னிங்ஸ்தான் வருகிறது. இவ்வளவு குறைவாக வீசும் ஒருவருக்கு அன்றாட வேலை என்ன? இப்படி அணி மாறி அணி மாறிப் போகிறவர்களின் ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது? 2020-ல் வந்த மூன்று பேட்டர் விதிக்குப் பிறகு இந்தப் பாதை இன்னும் திறந்திருக்கிறதா?

---

ரோசின் பை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒப்பந்தம் பற்றி எழுத இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கோணத்திலிருந்து தொடங்க வேண்டும். மேட்டின் மேல் பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பலகை 24 அங்குல அகலம். பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் 17 அங்குலம். நடுவே 60 அடி 6 அங்குலம். இடக்கை பேட்டர் நிற்பது முதல் பேஸ் பக்கம். இடக்கை பிட்சரின் கை நீள்வதும் அதே பக்கம். பிட்சர் ரப்பரின் முதல் பேஸ் ஓரத்தில் கால் வைத்து, கையையும் பக்கவாட்டில் இறக்கி வீசினால், பந்து அந்த பேட்டரின் முதுகுப் பக்கமிருந்து புறப்படுவது போலத் தோன்றும். உடம்பில் பட்டுவிடுமோ என்று தோள் பின்வாங்கும் அந்த ஒரு கணத்தில் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) பிளேட்டைக் குறுக்கே கடந்து வெளி ஓரத்துக்குப் போய்விடுகிறது. வலக்கை பேட்டருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பந்து கையை விட்ட நொடியிலிருந்து அவர் கண்ணில் இருக்கிறது, அதுவும் அவரை நோக்கியே வளைந்து வருகிறது.

மைக் மையர்ஸ், ராண்டி சோட், ஹாவியர் லோபஸ் ஆகியோர் இந்த ஒரு கோணத்தை வைத்தே காலம் தள்ளினார்கள். மையர்ஸ் 883 ஆட்டங்களில் வீசியது சுமார் 540 இன்னிங்ஸ். சோட் 2012-ல் 80 ஆட்டம், 38⅔ இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு ஒன்றரை அவுட்கூட வரவில்லை. லோபஸுக்கு நான்கு உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வெற்றி மோதிரம்: 2007-ல் பாஸ்டன், 2010, 2012, 2014-ல் சான் பிரான்சிஸ்கோ.

பெரெஸின் விஷயம் வேறு. அவர் பக்கவாட்டுக்காரராக வளர்ந்தவர் அல்ல. தொடக்கப் பிட்சர் 90, 100 பந்து வீச வேண்டும். பேட்டர் வரிசையை இரண்டு, மூன்று முறை சந்திக்க வேண்டும். அதனால் நான்கு வகைப் பந்து வேண்டும், வேகத்தைச் சேமித்து வைக்க வேண்டும். முழு வைண்ட்அப்பில் (வீசும் முன் செய்யும் நீண்ட அசைவு) அசையும் பாகங்கள் அதிகம். பெரெஸ் மாதிரி கால் உயர்த்தி உடம்பைச் சுழற்றுகிறவருக்கு முன் தோள் ஒரு நொடியின் பின்னம் முன்னதாகத் திறந்தாலே போதும், கை பின்தங்கிவிடும். பின்தங்கினால் வேகப்பந்து மேலே எழும்பி முதல் பேஸ் பக்கம் போகும். இடக்கை பேட்டருக்கு உடம்பில் அடி, வலக்கை பேட்டருக்கு வெளியே உயரத்தில் பால். 2008-ல் மேஜர் லீகின் இரு பிரிவில் ஒன்றான தேசிய லீகில் அதிகமாக 105 வாக் கொடுத்ததும், 2009-ல் 66 இன்னிங்ஸில் 58 கொடுத்ததும் இதனால்தான் என்பது என் கணிப்பு. முழங்கால் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

புல்பென்னுக்கு வந்தபின் மூன்று மாற்றம். ஒன்று, பேஸில் ரன்னர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செட் நிலையிலிருந்தே (வைண்ட்அப் இல்லாத சுருக்கமான அசைவு) வீசலாம். அசைவு பாதியாகக் குறைகிறது. ஒரே இடத்தில் பந்தை விடுவது எளிதாகிறது. இரண்டு, சேமிக்க வேண்டிய தேவை இல்லை. மெட்ஸின் கடைசிக் காலத்தில் மணிக்கு 90 மைலுக்குக் கீழே இறங்கியிருந்த வேகப்பந்து, 2012-ல் சியாட்டிலில் 90-க்கு மேலே நன்றாக ஏறியது. வேகம் கூடும்போது ஸ்லைடருக்கும் அதற்கும் இடைவெளி கூடுகிறது. மூன்று, ஒரு பேட்டர் அவரை ஓர் ஆட்டத்தில் ஒரே தடவைதான் பார்க்கிறார். நான்கு வகைக்கு வேலை இல்லை. இரண்டரை வகை போதும்.

இதோடு பிற்காலத்தில் பெரெஸ் சேர்த்துக்கொண்டது நேரத்தோடு விளையாடுவது. காலைத் தூக்கி ஒரு பந்துக்கு நிறுத்துவார், அடுத்த பந்துக்கு நிறுத்தாமல் சறுக்கியபடி வீசுவார், ஒரு பந்துக்குக் கையைக் கீழே இறக்குவார். பேட்டர் காலைத் தூக்கி வைக்கும் கணக்கு தவறும். இதில் எல்லை உண்டு. பேட்டர் தயாராகும் முன் வீசினால் அது விதிமீறல். பேஸில் ஆள் இருக்கும்போது தாளம் மாற்றப்போய் அசைவு தடைப்பட்டால் 'பாக்' என்ற பிழை, ரன்னர்கள் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். அதனால் இந்த வித்தையெல்லாம் பேஸ் காலியாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் வெளியே வரும்.

2018-ன் கணக்கை மெட்ஸ் கால 42 வாக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 32⅓ இன்னிங்ஸில் 43 ஸ்ட்ரைக்அவுட், 7 வாக், 1.39 இ.ஆர்.ஏ. அப்போது அவருக்கு வயது 36, ஆகஸ்டில் 37 ஆனது.

---

கேட்சர் கண் எழுதியது:

மேலே சொன்னது சரி. அன்றாட வேலையைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா 32 இன்னிங்ஸ்னு பார்த்துட்டு "சும்மா உட்கார்ந்திருக்காங்க"ன்னு நினைக்கிறது பெரிய தப்பு. ஆட்டக் கணக்குல வராத பந்துதான் இந்த ஆளோட தோளைத் தின்னும்.

நாலாவது, அஞ்சாவது இன்னிங்ஸ்லயே வேலை ஆரம்பிச்சிடும். எதிரணி வரிசையில இடக்கை ஆளுங்க எந்த இடத்துல வர்றாங்கன்னு அட்டையில குறிச்சு வெச்சிருப்பாங்க. மூணாவது, அஞ்சாவது இடத்துல இடக்கைன்னா, அவங்க ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ்ல எப்போ திரும்ப வருவாங்கன்னு எண்ணிட்டே இருக்கணும். இடுப்பு, தொடை, முதுகுக்கு அசைவுப் பயிற்சி. ரப்பர் பட்டையை இழுத்துத் தோளோட சின்னத் தசைகளைச் சூடாக்குறது. கனமான சின்னப் பந்தைச் சுவத்துல அடிக்கிறது. இதெல்லாம் போன் அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

போன் அடிச்சதும் கேட்சர் நின்னபடி நாலஞ்சு பந்து. அவர் உட்கார்ந்ததும் வேகப்பந்து ரெண்டு ஓரத்துக்கும் அஞ்சாறு, ஸ்லைடர் நாலு, மூணாவது பந்து எதுவோ அது ரெண்டு. ஒருத்தர் பேட்டர் மாதிரி பக்கத்துல நிக்க, கடைசி ரெண்டு பந்து முழு வேகத்துல. மொத்தம் பதினஞ்சிலிருந்து இருபது. பழகின ஆளுங்க பத்துப் பன்னெண்டுலயே தயாராயிடுவாங்க. மேனேஜர்கள் அதுக்குத்தான் அவங்களை விரும்புவாங்க. இடக்கை ஆள் தேவைன்னு தெரியறது எப்பவுமே கடைசி நிமிஷத்துலதான்.

கெடுறது எங்கேன்னா, சூடாக்கிட்டு உட்கார வெக்கிறதுல. வலக்கை பேட்டரை மாத்தி இறக்கிட்டாங்கன்னா, அல்லது டபுள் பிளே (ஒரே அடியில ரெண்டு அவுட்) ஆயிடுச்சுன்னா, இந்த ஆளை உட்காரச் சொல்லிடுவாங்க. அடுத்த இன்னிங்ஸ்ல மறுபடி எழுப்புவாங்க. ரெண்டு தடவை எழுந்து உட்கார்ந்தா உடம்புக்கு அது ஒரு ஆட்டம் வீசின மாதிரிதான். ஆனா ஸ்கோர் அட்டையில பூஜ்யம். நல்ல புல்பென் கோச் இதைத் தனியா எழுதி வெச்சு, நாலாவது நாள் "இன்னிக்கு இவர் இல்லை"ன்னு மேனேஜர்கிட்ட சொல்லுவார். சொல்லாத இடத்துல ஆகஸ்ட் மாசம் வேகம் ரெண்டு மைல் குறையும், கை விடுற இடம் ரெண்டு அங்குலம் இறங்கும், முன்கையில இறுக்கம் வரும். முன்கை இறுக்கம்னு யாராவது சொன்னா முழங்கை உள்பக்கத் தசைநாரைத்தான் முதல்ல சந்தேகப்படணும். அந்தத் தசைநாரை மாத்தி வெக்கிற அறுவைசிகிச்சையை டாக்டர் பிராங்க் ஜோப் 1974-ல முதன்முதலா செஞ்சது டாமி ஜானுக்கு, அவரும் இடக்கைதான். இன்னிக்கும் திரும்பி வர 12-லிருந்து 18 மாசம் ஆகும். ஒரு வருஷ ஒப்பந்தத்துல இருக்கிற ஆளுக்கு அந்தக் காலம் எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். ஏப்ரல்ல கிளீவ்லாந்து, மினியாபொலிஸ் மாதிரி ஊர்ல பந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். பிடிமானத்துக்கு ரோசின் தூள் மட்டும்தான் சட்டப்படி. 2021 ஜூன் 21-லேர்ந்து நடுவர்கள் கையையும் க்ளவுஸையும் தொப்பியையும் தடவிப் பார்க்கிறாங்க. பிசின் பிடிபட்டா வெளியேத்திடுவாங்க, பத்து ஆட்டம் தடை. ஸ்லைடர் மட்டுமே நம்பிப் பிழைக்கிறவருக்குச் சுழற்சி குறைஞ்சா பந்து வளையாம நடுவுல தொங்கும். தொங்கின ஸ்லைடர் எங்கே போய் விழும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ரன்னர். இடக்கை பிட்சர் முதல் பேஸைப் பார்த்தபடியே நிக்கிறார், அது பெரிய வரம். ஆனா தூக்கின வலது கால் ரப்பரோட பின் விளிம்பைத் தாண்டிட்டா முதல் பேஸுக்கு எறிய முடியாது. 2023-லேர்ந்து ஒரு பேட்டருக்கு ரெண்டு தடவைதான் ரப்பரை விட்டு விலகவோ பேஸுக்கு எறியவோ இலவசம். மூணாவதுல ரன்னர் அவுட் ஆகலேன்னா பாக். அதனால முதல் ரெண்டையும் அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது.

---

ஏழாவது இன்னிங்ஸ் எழுதியது:

இருவருக்கும் நன்றி. உட்கார்ந்து எழுவது கணக்கில் வராது என்பது நான் யோசிக்காத கோணம்.

ஒப்பந்தம் பற்றி இன்னும் குறிப்பாகக் கேட்கிறேன். 2018-ல் அவர் வசந்தப் பயிற்சியில் சின்சினாட்டியோடு இருந்தார், அங்கே விடுவித்தார்கள், பிறகு நியூயார்க் யாங்கீஸின் டிரிப்பிள்-ஏ (மேஜருக்கு அடுத்த, மைனர் லீகின் மேல்படி), ஜூன் தொடக்கத்தில் கிளீவ்லாந்து. நான்கு மாதத்துக்குள் மூன்று அமைப்பு. இது தற்செயலா, திட்டமா?

---

வேவர் கம்பி எழுதியது:

திட்டம்தான். மைனர் லீக் ஒப்பந்தத்தில் வெளியேறும் தேதியை எங்கே வைப்பது என்பதில்தான் இப்படிப்பட்ட பிட்சரின் முகவர் தன் திறமையைக் காட்ட வேண்டும்.

படிப்படியாகப் போவோம். அணிக்கு 40 பேர் பட்டியல் ஒன்று, அதில் ஆட்ட நாளில் செயலில் இருக்கும் 26 பேர். 40-ல் இருக்கும் இளம் பிட்சருக்கு மூன்று "ஆப்ஷன்" ஆண்டு உண்டு. அந்த ஆண்டுகளில் அவரை யாருக்கும் இழக்காமல் டிரிப்பிள்-ஏவுக்கு அனுப்பி அழைக்கலாம். ஐந்து ஆண்டுச் சேவை முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. 2010-ல் மெட்ஸ் பெரெஸை மைனருக்குப் போகச் சொன்னபோது அவர் மறுத்தது இந்த உரிமையால்தான். ரசிகர்கள் அதற்காக அவரைத் திட்டினார்கள்; நான் திட்ட மாட்டேன், ஒப்பந்தம் கொடுத்த உரிமை அது. ஆனால் விளைவு: மாதக்கணக்கில் புல்பென் மூலையில் ஆட்டமின்றி உட்கார்ந்தார். வீசாத பிட்சருக்குக் கட்டுப்பாடு திரும்பாது.

விடுவிக்கப்பட்டபோது மீதி 1.2 கோடி டாலரை மெட்ஸே கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் 2011-ல் வாஷிங்டன் அமைப்பில், ஹாரிஸ்பர்க் டபுள்-ஏ அணியில் பெரும்பாலும் தொடக்கப் பிட்சராகவே ஓர் ஆண்டு பயிற்சி செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டு சியாட்டில் மைனர் ஒப்பந்தம், டகோமாவில் புல்பென், ஜூனில் மேலே அழைப்பு, 33 ஆட்டம், 2.12 இ.ஆர்.ஏ. முதுகில் பெரிய பணம் இருந்தது அவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. அது இல்லாத ஒருவர் அந்த ஆண்டே கைவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிறகு ஏணி ஒழுங்காக ஏறியது. அரிசோனா இரண்டு ஆண்டு 42.5 லட்சம் டாலர். நடுவில் 2015 ஆகஸ்டில் ஹியூஸ்டனுக்கு வர்த்தகம். வாஷிங்டன் இரண்டு ஆண்டு 70 லட்சம். அது முடிந்தபோது வயது 36. அந்த வயதுக்கு 2018-ல் யாரும் மேஜர் ஒப்பந்தம் தரவில்லை. அப்போது செய்ய வேண்டியது: வசந்தப் பயிற்சி அழைப்போடு மைனர் ஒப்பந்தம், அணியில் இடம் இல்லை என்று தெரிந்தால் மார்ச் இறுதியில் விடுதலை, இன்னோர் அணியின் டிரிப்பிள்-ஏவில் இரண்டு மாதம் வீசி, வேகமும் ஸ்ட்ரைக்கும் இருப்பதைக் காட்டுவது, ஜூன் முதல் வாரத்தில் வெளியேறும் உரிமை. ஏன் ஜூன்? அதற்குள் ஒவ்வோர் அணியின் புல்பென்னிலும் இரண்டு பேருக்காவது காயம் வந்திருக்கும். ஏப்ரலில் வெளியேறினால் காலியிடம் இல்லை. ஜூலையில் வெளியேறினால் அணிகள் வர்த்தகத்தில் ஆள் தேடப் போயிருக்கும்.

இப்போது அனுபவசாலிகளுக்கு இது ஒப்பந்த விதியிலேயே வந்துவிட்டது. ஆறு ஆண்டுச் சேவை முடித்து, முந்தைய பருவத்தை மேஜர் அணியில் முடித்து, மைனர் ஒப்பந்தத்தில் சேருகிறவருக்கு மூன்று வெளியேறும் தேதி: பருவத் தொடக்கத்துக்கு ஐந்து நாள் முன், மே 1, ஜூன் 1. அந்தத் தகுதி இல்லாதவர் தேதியைப் பேசித்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் செப்டம்பர் வரை டிரிப்பிள்-ஏவில் சிக்கிக்கொள்வார்.

எங்கே வீசுகிறோம் என்பதும் முக்கியம். பசிபிக் கடற்கரை லீகில் ஆல்புகர்க்கி, ரீனோ, சால்ட் லேக் போன்ற உயரமான ஊர்கள். காற்று மெலிந்தது, ஸ்லைடர் வளைவது குறையும், அடித்த பந்து தூரம் போகும். அங்கே 5-க்கு மேல் இ.ஆர்.ஏ. இருந்தால் பயப்பட வேண்டாம், வாக் எண்ணிக்கையைத்தான் அணிகள் பார்க்கும்.

பணம்: மேஜர் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 7,60,000 டாலர். நாளுக்கு 4,000-க்குச் சற்று மேல். டிரிப்பிள்-ஏ குறைந்தபட்சம் 2023-ல் ஆண்டுக்கு 35,800; அனுபவம் உள்ளவர் அதைவிடப் பேசி வாங்குவார். 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை. 43 நாளில் ஓய்வூதியத் தகுதி தொடங்குகிறது. பத்து ஆண்டில் முழுமையடைகிறது. அதனால்தான் 40 வயதில் ஒருவர் மூன்று வார அழைப்புக்காகப் பெட்டி கட்டுகிறார்.

ஊக்கத்தொகை எழுதும்போது ஒரு விதி: ஸ்ட்ரைக்அவுட், வெற்றி, இ.ஆர்.ஏ. ஆகியவற்றுக்குப் பணம் கட்ட முடியாது. எத்தனை ஆட்டத்தில் வந்தார், எத்தனை இன்னிங்ஸ், எத்தனை நாள் பட்டியலில் இருந்தார், இவற்றுக்குத்தான் கட்டலாம். இடக்கை ரிலீவருக்கு இன்னிங்ஸ் என்று எழுதுவது அறியாமை. ஆட்ட எண்ணிக்கை என்று எழுத வேண்டும். 40, 45, 50 என்று படியாக வைப்பது வழக்கம்.

---

ரோசின் பை எழுதியது:

நல்ல விளக்கம் ஐயா. மூன்று பேட்டர் விதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020 முதல், உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது எதிரணியின் அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். காயம், உடல்நலக்குறைவு மட்டும் விலக்கு. சோட் மாதிரி ஒரே ஆளுக்காக வந்து போவது அன்றோடு ஏறத்தாழ முடிந்தது. எதிரணி மேனேஜர்கள் இடக்கை, வலக்கை, இடக்கை என்று வரிசையைப் பின்னி வைக்கிறார்கள். நடுவில் வரும் வலக்கை பேட்டரைத் தப்ப முடியாது. 2022-ல் இரு லீகிலும் பிட்சருக்குப் பதில் பேட்டர் முறை வந்ததும், தேசிய லீகில் பிட்சர் இடத்தில் மாற்று பேட்டரை இறக்க, அதற்கு இடக்கை ஆளைக் கூப்பிட, அதற்கு மறுமாற்று இறக்க என்று நடந்த சதுரங்கமும் போய்விட்டது. எனக்கு அது வருத்தம்தான். எட்டாவது இன்னிங்ஸின் அழகே அந்தக் காய் நகர்த்தலில் இருந்தது.

பெரெஸ் தப்பினார். 2020-ன் குறுகிய பருவத்தில் 21 ஆட்டம், 18 இன்னிங்ஸ், 2.00 இ.ஆர்.ஏ. தொடக்கப் பிட்சராக ஒன்பது ஆண்டு வலக்கை பேட்டர்களைச் சந்தித்த பழக்கம் அப்போது கைகொடுத்தது.

---

கேட்சர் கண் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் சேர்த்துக்கலாம். ரெண்டு அவுட் ஆனபிறகு உள்ளே வந்து ஒரே ஆளை அவுட் பண்ணினா இன்னிங்ஸ் முடிஞ்சிடும், விதி நிறைவேறிடும். பழைய வேலை இன்னிக்கும் உயிரோட இருக்கிற ஒரே சந்து அதுதான். ஆனா அவரே அடுத்த இன்னிங்ஸுக்கும் மேட்டுக்கு வந்துட்டா, மொத்தம் மூணு பேர் ஆகுற வரைக்கும் எடுக்க முடியாது. மேனேஜர் இதை மறந்தா மாட்டிக்குவார்.

வலக்கை பேட்டருக்கு எதிரா என்ன வேணும்னு கேட்டா மூணு வழி. உள்பக்கம் கட்டர் (கடைசியில லேசா வளையற வேகப்பந்து), பேட்டோட கைப்பிடிக்கு மேல அடிக்கிற மாதிரி. அல்லது சேஞ்ச்அப் (வேகம் குறைச்சு ஏமாத்துற பந்து), அவர்கிட்டேர்ந்து விலகி முதல் பேஸ் பக்கம் இறங்குறது. அல்லது ஸ்லைடரையே அவரோட பின்காலுக்கு வீசுறது. இது பிளேட்டுக்கு மேல தொங்கினா ஹோம் ரன், அதனால மண்ணுல விழுற மாதிரியே குறி வெக்கணும், கேட்சர் உடம்பால தடுக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். ரப்பர்ல மூணாவது பேஸ் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்னா வலக்கை ஆளுக்குக் கோணம் கொஞ்சம் சரியாகும், ஆனா இடக்கை ஆளுக்கு எதிரான வரம் குறையும். ஒரே ஆட்டத்துல இடம் மாத்தி மாத்தி நிக்கிறவங்களும் உண்டு. கட்டுப்பாடு கெட்டா முதல்ல அதைத்தான் நிறுத்தச் சொல்லுவேன்.

நாலாவது வழி ஒண்ணு இருக்கு, இடக்கை ரிலீவர் டிம் ஹில் வழி. கை கீழே, சிங்கர் (கீழே இறங்குற வேகப்பந்து) சிங்கரா போடுறது. ஸ்ட்ரைக்அவுட் குறைவு, ஆனா ரெண்டு பக்க பேட்டரும் தரையில அடிச்சு டபுள் பிளே ஆவாங்க. 2024 ஜூன்ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் விடுவிச்சாங்க, யாங்கீஸ் எடுத்தாங்க, அக்டோபர்ல உலகத் தொடர்ல வீசினார்.

---

வேவர் கம்பி எழுதியது:

இன்று தொடங்குகிறவருக்குப் பெரிய தடை அந்த விதி அல்ல என்பது என் கருத்து. பட்டியல்தான் தடை. 2022 ஜூனிலிருந்து 26-ல் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. செப்டம்பரில் 40 பேர் வரை ஏற்றிய காலமும் 2020-ல் போய் 28 ஆகிவிட்டது. நான்காவது இடக்கை ஆளுக்கு அந்தச் செப்டம்பர் சம்பளம் இனி இல்லை. எட்டுப் பேர் புல்பென்னில் எல்லோரும் மாறி மாறி வீச வேண்டும். ஒருவர் களைத்தால் அவரை டிரிப்பிள்-ஏவுக்கு அனுப்பிப் புதியவரை அழைப்பார்கள். அனுப்பிய பிட்சரை, காயம்பட்டவருக்கு மாற்றாக அல்லாமல், 15 நாளுக்குள் திரும்ப அழைக்க முடியாது. ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அப்படி அனுப்பவும் முடியாது. ஆப்ஷன் உள்ள 25 வயது இடக்கை ஆள் இந்த ஓட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிறார். ஆப்ஷன் தீர்ந்த 33 வயதுக்காரரை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் பட்டியலிலிருந்து விலக்கி, ஏழு நாளுக்குள் வர்த்தகமோ, வேவரோ (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விடுவது), விடுதலையோ செய்ய வேண்டும். இருவரும் ஒரே அளவு வீசினால் அணி யாரை வைத்துக்கொள்ளும் என்பது தெளிவு. அதனால் மூத்தவர் சமமாக வீசினால் போதாது.

வெளிநாட்டு வழியும் உண்டு, ஆனால் ரிலீவராக அல்ல. கொரியாவின் கே.பி.ஓ. லீகில் 2025 வரை அணிக்கு மூன்று வெளிநாட்டவர்தான், அதில் பிட்சர் இருவர். அந்த இடத்தைப் பெரும்பாலும் தொடக்கப் பிட்சருக்கே கொடுப்பார்கள். இடக்கை பிட்சர் புரூக்ஸ் ரேலி அப்படித்தான் 2015 முதல் 2019 வரை லோட்டே ஜயன்ட்ஸில் தொடக்கப் பிட்சராக வீசினார். அங்கே நூற்றுக்கணக்கான இன்னிங்ஸ் கிடைத்ததால் கட்டரும் அகலமாக வளையும் ஸ்லைடரும் கைவந்தன. 2020-ல் சின்சினாட்டி வழியாகத் திரும்பி, ஹியூஸ்டனில் ரிலீவராகி, டாம்பா பே அணியோடு இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். டிரிப்பிள்-ஏ புல்பென்னில் ஆண்டுக்கு 50 இன்னிங்ஸ் வீசிப் புதுப் பந்து கற்பது கடினம். 30 வயதுக்குள் இருக்கும் இடக்கை ஆளுக்கு இந்தச் சுற்றுவழியை நான் பரிந்துரைப்பேன்.

---

ஏழாவது இன்னிங்ஸ் எழுதியது:

எல்லாம் தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: அதிக ஆட்டம் வீசியவர் பட்டியலில் முதலிடம் இன்னும் ஜெஸ்ஸி ஒரோஸ்கோதானே? அவரும் இதே வகையா?

---

ரோசின் பை எழுதியது:

அவரேதான். 1,252 ஆட்டம், 24 பருவம். அடுத்தவர் மைக் ஸ்டான்டன் 1,178, மூன்றாமவர் ஜான் பிராங்கோ 1,119. மூவரும் இடக்கை.

ஆனால் ஒரோஸ்கோ தொடக்கத்தில் ஒற்றை பேட்டர் ஆள் அல்ல. 1983-ல் மெட்ஸுக்கு 13 வெற்றி, 17 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தவை), 1.47 இ.ஆர்.ஏ.; 1986 உலகத் தொடரின் கடைசி அவுட் அவருடையது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போனார்: லாஸ் ஏஞ்சலஸ், கிளீவ்லாந்து, மில்வாக்கி, பால்டிமோர், செயின்ட் லூயிஸ். வயது ஏற ஏற இன்னிங்ஸ் சுருங்கியது. 1999-ல் 65 ஆட்டத்துக்கு 32 இன்னிங்ஸ். டென்னிஸ் எக்கர்ஸ்லியின் 1,071 ஆட்டச் சாதனையைக் கடந்தது அந்தப் பருவத்தில்தான். 46 வயதில், 2003-ல் மட்டும் பேட்ரெஸ், யாங்கீஸ், மினசோட்டா ட்வின்ஸ் என்று மூன்று சட்டை போட்டார். 1978-ல் அவரை முதலில் தேர்ந்தெடுத்த அணி ட்வின்ஸ். மேஜர் லீகில் ஒரு பந்து வீசும் முன்பே ஜெர்ரி கூஸ்மனுக்கு ஈடாக மெட்ஸுக்கு அனுப்பியதும் அவர்களே. 24 பருவம் கழித்து, கடைசி எட்டு ஆட்டத்தை அவர்களுக்காக வீசிவிட்டுப் போனார்.